விளக்கெரியும் வெற்று மாடிகள்

ஔலுவில் பிப்ரவரி, மைனஸ் இருபத்தாறு.
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு நடக்கிறாள் தெர்ஹி நிஸ்கனென்,
போர்டு அலமாரிக்கும் காப்பி இயந்திரத்துக்கும் நடுவே.
ஆய்வகத் தரையில் தடமே விழுந்துவிட்டது.

கூசமோ மலையில் ஒரு செல்பேசிக் கோபுரம்
பதினொரு நாளுக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கிறது.
ஒருமுறை நெட்வொர்க் அடுக்கில்,
ஒருமுறை கோப்பைத் திறக்கும் இடத்தில்,
ஒருமுறை எதிலும் இல்லாமல், வெறுமனே.
பிணம் கிடக்கும் தெருவில் கொலை நடக்கவில்லை.
அது மட்டும் தெரியும்.

ஒரு சுட்டிக்கு அறுபத்து நான்கு பிட்.
இந்தப் பெட்டிக்குள் இருக்கும் நினைவகத்துக்கு
நாற்பத்தெட்டே தாராளம்.
கர்னல் முகவரிகளில் மிச்சம் பதினாறும்
ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிற்கும்;
யாரும் குடிவராத மேல்மாடிகளில்
எவரோ அணைக்க மறந்த விளக்குகள்.

அங்கிருந்து நாலைக் கேட்டு வாங்கினாள்.

இடம் ஒதுக்கும்போதே ஒரு குறி,
பதினாறு பைட்டுக்கு ஒன்றாக, கைக்கு வந்த எண்.
அதே எண் சுட்டியின் தலையிலும்.
இடத்தைத் திருப்பிக் கொடுத்ததும்
இடத்தின் குறி மாறிவிடும்.
சுட்டியிடம் யாரும் சொல்வதில்லை.
அது பாட்டுக்குப் பழைய எண்ணைச் சூடிக்கொண்டு வரும்,
சரியான தெருவுக்கு, சரியான வீட்டுக்கு.
உள்ளே வேறு யாரோ படுத்திருப்பார்கள்.

"இந்த நாட்டில் கதவுக்குக் கதவு
கடிதம் போடும் துவாரத்துக்கு மேல் குடும்பப் பெயர் இருக்கிறதே,
தபால்காரி எண்ணைப் பார்த்து மாடி ஏறுகிறாள்,
பெயரைப் பார்த்துத்தான் உள்ளே தள்ளுகிறாள்.
அவ்வளவுதான் விஷயம்."

ஆன்தெரோ மீசையில் உருகும் பனியைத் துடைத்தான்.
"நாலு பிட் என்றால் ஊர் முழுக்கவே பதினாறு பெயர்.
பதினாறில் ஒரு திருட்டு பெயர் பொருந்தி நுழைந்துவிடும்."
"நுழையட்டும். பதினைந்து மாட்டும்."
"அந்த ஒன்று?"
காப்பி தீர்ந்திருந்தது. அவள் புதுப் பொடி போடப் போனாள்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் இரவு மூன்று பத்துக்கு
நாலாவது போர்டு நின்றது, நின்ற இடத்திலேயே.
சுட்டியின் குறி ஏழு.
நினைவகத்தின் குறி பன்னிரண்டு.
இந்த முறை பிணம் இல்லை.
ஓங்கிய கை மட்டும், அப்படியே, காற்றில்.

ஒரு டைமர்.
இணைப்பு முடிந்து இடத்தை விடுவித்தவர்
அதை நிறுத்த மறந்திருக்கிறார்.
விட்டுப்போனது ஒரே ஒரு வரி.
எழுதியது யார் என்று பதிவைத் திறந்தாள்.
ஆறு வருடத்துக்கு முன், ஒரு வியாழன், மாலை நாலு ஐம்பது,
தெர்ஹி லீடெஸ்.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்த வியாழன் நினைவில்லை.
நாலு ஐம்பது நினைவிருக்கிறது:
மழலையர் காப்பகம் ஐந்துக்கு மூடும்,
அவர் ஒருநாளும் போய் அழைத்து வந்ததில்லை.

திருத்தத்தை நிஸ்கனென் அனுப்பினாள்.
காரணம் என்ற இடத்தில்
முன்பிருந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி, அழித்து,
டைமர் நிறுத்தப்படவில்லை என்று மட்டும் விட்டாள்.

காலை ஏழு. இன்னும் விடியவில்லை.
துய்ராவில் வாடகை வீடு, மூன்றாம் மாடி,
கதவில் அவள் பெயரை ஒட்டி நாலு மாதம்.
உள்ளே காலடியில் நேற்றைய கடிதம்.
கையுறையைக் கழற்றாமலே கிழித்துப் படித்தாள்:
கீழ்க் கடைவாய்ப் பல், வேர்ச் சிகிச்சை,
இரண்டாம் தவணை பாக்கி, நூற்று எண்பது யூரோ.
நாக்கால் தன் கடைவாயைத் துழாவிப் பார்த்தாள்.
எல்லாம் இருந்தது.

பிறகுதான் உறையைத் திருப்பினாள்.
ஓ. நிஸ்கனென்.